முதல் ஸ்லைடு ரோல்: நிறத்தைப் பார்க்கும் முன் குறையைப் பாருங்கள்

நெகடிவ் ஃபிலிமில் கொஞ்ச காலம் படமெடுத்துக் கை பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஸ்லைடு மேல், அதாவது கழுவியதும் ஃபிலிமிலேயே இயல்பான நிறத்தோடு படம் தெரியும் ஃபிலிம் மேல், ஆசை வந்துவிடும். நல்ல ஸ்லைடு ஒன்றை வெளிச்சப் பலகையில் வைத்து லூப் என்னும் உருப்பெருக்கி வழியாக ஒரு முறை பார்த்தவருக்கு அந்த ஆசைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்த ஃபிலிம் வாங்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், கிடைக்கும் பதில்கள் எல்லாம் நிறத்தைப் பற்றியே இருக்கும். வெல்வியா பளிச்சென்று இருக்கும், ப்ரோவியா இயல்பாக இருக்கும், எக்டாக்ரோம் சுத்தமாக இருக்கும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். புதிதாக வருபவருக்கு அது போதாது.

இன்று கடையில் கிடைக்கும் ஸ்லைடு ஃபிலிம் ஒவ்வொன்றும் அழகானதுதான். ரோல் தேறுமா வீணாகுமா என்பது அதன் குறைகள் உங்கள் கேமராவோடும், நீங்கள் வழக்கமாகப் படமெடுக்கும் வெளிச்சத்தோடும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பொறுத்தது. அதனால் குறைகளிலிருந்து தொடங்கி ஃபிலிமைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

முதலில், எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான குறை

நெகடிவில் படம் இரண்டு கட்டமாக உருவாகிறது. கேமராவில் ஒன்று, பிரிண்ட் போடும்போதோ ஸ்கேன் செய்யும்போதோ இன்னொன்று. முதல் கட்டத்தில் நேர்ந்த பிழையை இரண்டாவதில் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். ஸ்லைடில் அந்த இரண்டாம் கட்டமே கிடையாது. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான் கழுவிய பிறகு உங்கள் கைக்கு வரும் படம். போதாக்குறைக்கு, இருட்டறையில் திரையில் பாய்ச்சிப் பார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டதால் அதன் கான்ட்ராஸ்ட் பிறவியிலேயே அதிகம்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது. கலர் நெகடிவ் ஏறத்தாழ 10 ஸ்டாப் வெளிச்ச வேறுபாட்டைத் தாங்கும். ஸ்லைடு 5 அல்லது 6 ஸ்டாப்தான் தாங்கும். எக்ஸ்போஷரில், அதாவது ஃபிலிமில் விழும் வெளிச்சத்தில், மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் மாறினாலே இரண்டு ஸ்லைடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒரு ஸ்டாப் ஓவர் ஆனால், அதாவது வெளிச்சம் கூடிவிட்டால், வெளுத்த இடங்களில் நிறமே இருக்காது. வெறும் கண்ணாடி போன்ற ஃபிலிம்தான் மிஞ்சும். அதை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது. அண்டர் ஆனதில், அதாவது வெளிச்சம் குறைந்ததில், இருட்டுக்குள் கொஞ்சமாவது விவரம் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே நெகடிவில் பழகிய ‘சந்தேகம் வந்தால் கூடக் கொடு’ என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

ஓர் உதாரணம். நடுப்பகல், மரத்தடியில் ஒருவர் நிற்கிறார். வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில் வெயில், முகம் நிழலில். தோளில் ஸ்பாட் மீட்டர் (சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், பிறகு கன்னத்தில் வையுங்கள். நான்கைந்து ஸ்டாப் இடைவெளி காட்டும். நெகடிவ் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். ஸ்லைடில் சட்டையின் மடிப்பு தெரிய வேண்டுமென்றால் முகம் கறுத்துவிடும், முகம் தெரிய வேண்டுமென்றால் தோள் வெந்துபோகும். இந்தக் காட்சிக்கு ஃபிலிமை மாற்றுவது தீர்வாகாது. அவரை முழுவதுமாக நிழலுக்குள் இரண்டடி நகர்த்துங்கள், அல்லது ஒரு ரிஃப்ளெக்டர் பிடியுங்கள், ஃபில் ஃப்ளாஷ் போடுங்கள். இப்படி நகர்த்திப் படமெடுக்க வசதியில்லாத வேலைதான் உங்களுடையது, கூட்டம், விழா, தெரு என்று ஓடிக்கொண்டே இருப்பவர் நீங்கள் என்றால், நெகடிவிலேயே தொடர்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, கழுவும் இடத்தை உறுதி செய்யுங்கள்

ஃபிலிம் வாங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். ஸ்லைடு கழுவும் முறைக்கு ஈ-6 என்று பெயர். 1976 முதல் இருந்துவருகிறது. நெகடிவுக்கான சி-41 முறை செய்யும் எல்லா லேப்பிலும் ஈ-6 இருக்காது. இருக்கும் லேப்பிலும் போதுமான ரோல் சேர்ந்த பிறகே மெஷினை ஓட்டுவார்கள். அடிக்கடி ஓட்டாத லேப்பில் ரசாயனம் நிலையாக இருப்பது கடினம். ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை தடவை ஈ-6 ஓட்டுகிறீர்கள், கன்ட்ரோல் ஸ்ட்ரிப் (ரசாயனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் துண்டு) போட்டுச் சரிபார்க்கிறீர்களா, ஃபிலிமை வெட்டாமல் நீளமாகவே தருவீர்களா. இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் நம்பிக் கொடுக்கலாம்.

ஈ-6-இல் முதல் டெவலப்பர்தான் படத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை அது கறுப்பு வெள்ளை நெகடிவாக மாற்றுகிறது. மிச்சமிருக்கும் உப்பில்தான் பிறகு கலர் டெவலப்பர் நிறத்தை உண்டாக்குகிறது. முதல் டெவலப்பர் அதிக நேரமோ அதிகச் சூட்டிலோ வேலை செய்தால் மிச்ச உப்பு குறையும், ஸ்லைடு வெளுக்கும். குறைவாக வேலை செய்தால் இருண்டுவிடும். வழக்கமான அளவு 38 டிகிரி செல்சியஸ், 6 நிமிடம். வெப்பத்தில் அரை டிகிரி தவறினாலே முடிவு மாறத் தொடங்கும். வீட்டில் கழுவும் கிட்கள் உண்டு, செய்யவும் முடியும். ஆனால் முதல் சில ரோல்களை நல்ல லேப்பில் கொடுங்கள். இல்லாவிட்டால் பிழை மீட்டரிலா, டெவலப்பரிலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

ரோலின் மேல் ‘ஈ-6’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். தவறுதலாகச் சி-41-இல் போட்டால் ஸ்லைடு வராது, கான்ட்ராஸ்ட் ஏறி நிறம் திரிந்த நெகடிவ்தான் வரும்.

பழைய அலமாரியிலிருந்து யாராவது கோடாக்ரோம் ரோல் எடுத்துக் கொடுத்தால் ஆசைப்பட வேண்டாம். 1935-இல் வந்த அந்த ஃபிலிமுக்கு நிறம் ஃபிலிமுக்குள் இல்லை, கழுவும்போதுதான் சேர்க்கப்பட்டது. கடைசிக் காலத்தில் அதற்கு இருந்த முறை கே-14. 2009-இல் கோடக் உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்காவின் கான்சஸில் பார்சன்ஸ் என்ற ஊரிலிருந்த கடைசி லேப் 2010 டிசம்பர் இறுதியோடு ரோல்கள் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. இன்று அதைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவலாம், நிறத்தோடு முடியாது.

காலாவதியான ஈ-6 ஃபிலிமும் புதியவருக்கு ஆகாது. பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடக் கொடு என்று நெகடிவுக்குச் சொல்லும் கணக்கு ஸ்லைடுக்குப் பொருந்தாது. பழசாகும்போது கறுப்பு வலுவிழக்கும், ஊதா கலந்த சாயல் ஏறும். அதன் மேல் வெளிச்சத்தையும் கூட்டினால் ஹைலைட்டும், அதாவது படத்தின் பிரகாசமான பகுதியும், சேர்ந்து போகும்.

மூன்றாவது, கேமராவைச் சோதியுங்கள்

நெகடிவில் நன்றாகப் படமெடுத்த கேமரா ஸ்லைடில் காலை வாரலாம். ஷட்டர் வேகம் கொஞ்சம் பிசகியிருந்தால் நெகடிவ் அதை மறைத்துவிடும், ஸ்லைடு அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். குறிப்பாகப் பழைய மெக்கானிக்கல் கேமராக்களில் 1/500, 1/1000 வேகங்கள் மெதுவாகியிருப்பது சகஜம். ஷட்டர் சோதிக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

மீட்டரில் கவனிக்க வேண்டியது பேட்டரி. 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்ட கேமராவில் இன்றைய 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் சில மாடல்களில் அளவீடு தவறும். 1.4 வோல்ட் தரும் ஜிங்க்-ஏர் பேட்டரி போடலாம், அல்லது வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டர் வாங்கலாம். நம்பிக்கையான டிஜிட்டல் கேமராவோ கைமீட்டரோ இருந்தால், சீரான வெளிச்சம் படும் சுவரை இரண்டாலும் அளந்து பாருங்கள். எப்போதும் ஒரே அளவு விலகல் காட்டினால், ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ டயலில் ஈடுகட்டிவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விலகல் காட்டும் மீட்டரைக் கைவிட்டுவிடுங்கள்.

நான்காவது, உங்கள் வெளிச்சத்துக்கு ஏற்ற குறையைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக உற்பத்தியாகும் முக்கியமான ஸ்லைடு ஃபிலிம்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஃபுஜியின் வெல்வியா 50, வெல்வியா 100, ப்ரோவியா 100எஃப். கோடக்கின் எக்டாக்ரோம் இ100. வேறு பெயர்களில் வரும் ரோல்கள் பலவும் இவற்றில் ஏதோ ஒன்றை மறுபடி சுருட்டியவையே. கிரெய்னை, அதாவது படத்தில் தெரியும் துகள்களை, ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நான்கிலும் அது மிகவும் நுண்மையானது.

நான்குக்கும் பொதுவான குறைகள் இரண்டு. ஒன்று, எல்லாமே மெதுவான, அதாவது அதிக வெளிச்சம் கேட்கும், ஃபிலிம்கள். ப்ரோவியா 400எக்ஸ் நின்றுபோனபின் ஐஎஸ்ஓ 100-க்கு மேல் நம்பிப் போக எதுவும் இல்லை. மற்றொன்று, எல்லாமே பகல் வெளிச்சத்துக்கானவை. மஞ்சள் விளக்கு வெளிச்சத்துக்கான டங்ஸ்டன் ஸ்லைடு ஃபிலிம்கள் கடையிலிருந்து மறைந்துவிட்டன. மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் படம் ஆரஞ்சாக வரும். நீல நிற 80ஏ ஃபில்டர் போட்டால் சரியாகும், ஆனால் அது 2 ஸ்டாப் விழுங்கிவிடும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் 25 ஆகிவிடும். வீட்டுக்குள், இரவில், கையில் பிடித்து எடுப்பவர்கள் ஸ்லைடு வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

வெல்வியா 50. 1990-இல் வந்தது, இடையில் நின்று, மீண்டும் வந்தது. இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஃபிலிம். புதியவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவதும் இதுதான், முதலில் வெறுப்பதும் இதுதான். காரணம், நான்கில் மிகக் குறைவாக மன்னிப்பது இது. நிழல் சட்டென்று கறுப்பில் விழுந்துவிடும். முகத்தை எடுத்தால் தோல் சிவந்து, வெயிலில் வாடியவர் போலத் தெரிவார். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் சேர்த்துப் போட்டால் தெளிந்த வானம் கறுநீலமாகி நம்ப முடியாத நிறத்துக்குப் போய்விடும்.

வேகத்தின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் வெல்வியா 50-க்கு ஏறத்தாழ எஃப்/16 அப்பர்ச்சரில் 1/60 வினாடி. திறந்த நிழலுக்குப் போனால் 3 ஸ்டாப் குறைந்து எஃப்/5.6-இல் 1/60. முன்னிருக்கும் பாறையும் பின்னிருக்கும் மலையும் கூர்மையாக வர எஃப்/11 வைத்தால் 1/15. மேலே போலரைசர் 2 ஸ்டாப் எடுத்துக்கொண்டால் 1/4 வினாடி. காற்றில் இலை அசைந்தால் அசைந்ததுதான். ட்ரைபாட் தூக்கிச் செல்ல மனமில்லாதவருக்கு வெல்வியா 50 பொருந்தாது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

நீண்ட எக்ஸ்போஷர்தான் அதன் பெரிய பலவீனம். ஒரு வினாடியைத் தாண்டியதும் ஃபிலிம் தன் வேகத்தை இழக்கத் தொடங்கும், பச்சைச் சாயலும் ஏறும். ஃபுஜி தரும் அட்டவணைப்படி 4 வினாடிக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப், 16 வினாடிக்கு மூன்றில் இரண்டு பங்கு, 32 வினாடிக்கு ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். அதோடு பச்சையைக் கழிக்க மெஜந்தா ஃபில்டரும் வேண்டும். 64 வினாடியை அவர்களே பரிந்துரைப்பதில்லை. விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் படமெடுக்கவே பலர் இந்த ஃபிலிமை வாங்குகிறார்கள், அந்த நேரத்தில்தான் இது அதிகமாகக் கைவிடுகிறது.

வெல்வியா 100 இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். ஒரு நிமிடம் வரை திருத்தம் தேவையில்லை. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் மெஜந்தா, ஊதா பக்கம் சாயும், தோல் நிறமும் வெல்வியா 50 போலவே சிவக்கும். இன்னொரு சிக்கல் சட்டம். அதிலுள்ள ஒரு வேதிப்பொருளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கட்டுப்படுத்தியதால் 2021 ஜூலையில் ஃபுஜி அந்த நாட்டில் மட்டும் விற்பனையை நிறுத்தியது. ஒரு ஃபிலிமோடு பல ஆண்டு பழகத் திட்டமிடுபவர் இப்படிப்பட்ட செய்திகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ப்ரோவியா 100எஃப்-இன் குறை என்று பலரும் சொல்வது அது சாதாரணமாக இருக்கிறது என்பதுதான். தட்டையான மேகமூட்ட வெளிச்சத்தில் அது காட்சிக்கு உயிர் கொடுக்காது. இருப்பதை இருப்பதாகக் காட்டும். நிழலில் நீலம் தட்டும், லேசான மஞ்சள் சாயல் கொண்ட 81ஏ ஃபில்டர் போட்டால் சரியாகிவிடும். இதற்கு ஈடாக நிழலில் கொஞ்சம் இடம் தருகிறது, முகங்களை மரியாதையாக நடத்துகிறது, 128 வினாடி வரை எந்தத் திருத்தமும் கேட்பதில்லை. இரவுக் காட்சி, அருவி, நீண்ட நேரம் திறந்து வைக்கும் படம் என்றால் இதற்குப் போட்டியே இல்லை.

எக்டாக்ரோம் இ100-ஐக் கோடக் 2012-இல் முழுக் குடும்பத்தோடு நிறுத்தி, 2018-இல் மீண்டும் கொண்டுவந்தது. வெள்ளை மிகச் சுத்தமாக வரும். அண்டர் ஆனால் நிழல் நீலத்தில் மூழ்கும், ஆகவே இதில் குறைத்துக் கொடுத்துத் தப்பிக்கும் வழியும் குறுகலானது. 10 வினாடி வரை திருத்தம் வேண்டாம் என்கிறது கோடக். ப்ரோவியாவோடு ஒப்பிட்டால் அது குறைவு.

என்னைக் கேட்டால் முதல் ரோல் ப்ரோவியா, கிடைக்காவிட்டால் இ100. வெல்வியாவைத் தொடுவதற்கு முன் இவற்றில் ஒன்றை நன்றாகக் கைக்குள் கொண்டுவாருங்கள். முதலிலேயே வெல்வியாவில் தொடங்கினால், வரும் தவறுகளில் எது உங்களுடையது, எது ஃபிலிமின் குணம் என்று தெரியாது.

புஷ் செய்து வேகத்தைக் கூட்டலாமே என்று கேட்கலாம். லேப்பில் முதல் டெவலப்பர் நேரத்தை நீட்டினால் ஐஎஸ்ஓ 100-ஐ 200 ஆகப் பயன்படுத்தலாம். ப்ரோவியா அதை நன்றாகவே தாங்கும். ஆனால் ஏற்கெனவே அதிகமான கான்ட்ராஸ்ட் இன்னும் ஏறும், நிழல் விவரம் அதிகமாகாது. தட்டையான வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள்.

ஐந்தாவது, முதல் ரோலைச் சோதனைக்கே ஒதுக்குங்கள்

36 பிரேமையும் பயிற்சிக்குச் செலவழிப்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பிறகு வரும் ரோல்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

ஒரே காட்சியை ஐந்து தடவை எடுங்கள்: மீட்டர் சொன்னபடி ஒன்று, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்து இரண்டு, அதேபோல் கூட்டி இரண்டு. அப்பர்ச்சர் வளையத்தில் அரை ஸ்டாப்தான் இருந்தால் ஐஎஸ்ஓ டயலைத் திருப்பிச் செய்யலாம். இதை முன்வெயில், பக்கவெயில், திறந்த நிழல், மேகமூட்டம் என்று வேறு வேறு வெளிச்சத்தில் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் எண், வேகம், அப்பர்ச்சர், எங்கே அளந்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். எழுதாத சோதனை வெறும் ஃபிலிம் செலவு.

அளக்கும்போது, விவரம் தெரிந்தே ஆக வேண்டிய மிகப் பிரகாசமான இடத்தைத் தேடுங்கள். வெள்ளைத் துணியின் நெசவு, நுரை, மேகத்தின் ஓரம் என எதுவாகவும் இருக்கலாம். அங்கே ஸ்பாட் மீட்டர் காட்டும் அளவைவிட ஒன்றரை ஸ்டாப் கூட்டி வையுங்கள்; ப்ரோவியாவில் ஏறத்தாழ இரண்டு வரை போகலாம். பிறகு நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முக்கியமான நிழல் மீட்டர் அளவுக்கு இரண்டு ஸ்டாப்புக்கும் கீழே போனால் அந்தக் காட்சியில் வெளிச்சத்தை மாற்ற வழி தேடுங்கள், அல்லது அந்த நிழல் கறுப்பாகவே வரட்டும் என்று தெரிந்தே எடுங்கள். வானம் மட்டும் தொல்லை தந்தால், ஒரு பாதி மட்டும் இருண்ட கிராஜுவேட்டட் என்டி ஃபில்டர் கைகொடுக்கும்.

ரோல் கழுவி வந்ததும் படங்களுக்கு முன் விளிம்பைப் பாருங்கள். வெளிச்சமே படாத ஓரப்பகுதி அடர்ந்த கறுப்பாக இருக்க வேண்டும். அது மெலிந்து பழுப்பாகவோ பச்சையாகவோ தெரிந்தால், படங்கள் எப்படி இருந்தாலும் ஃபிலிம் பழசு, அல்லது வெளிச்சம் கசிந்திருக்கிறது, அல்லது கழுவியதில் பிழை. விளிம்பு சரியாக இருந்து எல்லாப் பிரேமும் ஒரே அளவு வெளுத்தோ இருண்டோ இருந்தால் சந்தேகம் மீட்டரின் மேல். சில வேகங்களில் மட்டும் வெளுப்பு வந்தால் ஷட்டர். வெட்டாமல் கேட்டு வாங்கியது இதற்காகத்தான். வரிசை குலையாமல் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பார்ப்பதும் ஸ்கேன் செய்வதும்

வெளிச்சப் பலகை 5000 கெல்வின் அளவில், அதாவது பகல் வெளிச்சத்துக்கு நெருங்கிய நிறத்தில், நிறத்தைச் சரியாகக் காட்டும் தரத்தில் இருக்க வேண்டும். ஃபோன் திரையின் மேல் வைத்துப் பார்த்து நிறத்தைத் தீர்ப்பளிக்க வேண்டாம்.

ஸ்கேனில் ஸ்லைடின் மற்றொரு குறை வெளிப்படும். அதன் கறுப்பு மிக ஆழமானது. லூப் வழியாகத் தெரியும் நிழல் விவரம் சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரில் சேறும் இரைச்சலுமாக வரும். இதில் வெல்வியாதான் அதிகம் படுத்தும். மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவில் ஹைலைட்டுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இணைத்தால் பெரும்பாலும் தப்பலாம். லேப்பில் ஸ்கேன் செய்யக் கொடுத்தால் தானியங்கித் திருத்தத்தை அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தேடித் தேர்ந்த நிறத்தை மெஷின் ‘சரி’ செய்துவிடும். இணையத்தில் மட்டுமே படம் போடப்போகிறவர், ஸ்லைடைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர், இத்தனை குறைகளையும் ஏற்று எதைப் பெறப்போகிறார் என்று ஒரு முறை யோசிக்கலாம்.

புரொஜெக்டரில் போடுவதாக இருந்தால் மிகப் பிடித்த ஸ்லைடுகளை அதிக நேரம் விளக்கின் முன் நிறுத்தாதீர்கள். அந்த வெளிச்சத்தில் சாயம் மங்கும்.

ஃபிலிமை ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்த பிறகு அறை வெப்பத்துக்கு வரும்வரை டப்பியைத் திறக்காதீர்கள், ஈரம் படியும். எடுத்து முடித்த ரோலை மாதக்கணக்கில் பையில் போட்டு வைக்காமல் சீக்கிரம் கழுவக் கொடுங்கள். விமானப் பயணத்தில் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பையைச் சோதிக்கும் இடத்தில் சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர் இருந்தால், ரோல்களைத் தனியாக ஒரு தெளிவான பையில் எடுத்துக் கையால் சோதிக்கும்படி கேளுங்கள். மெதுவான ஃபிலிம்தானே என்று விட்டுவிட வேண்டாம். சிடி ஸ்கேனரின் கதிர் ஐஎஸ்ஓ 100-ஐயும் பாதிக்கும், ஸ்லைடில் முதலில் அடிபடுவது அந்தக் கறுப்புதான்.